கார் ஹெட்டர்: பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் எங்கள் பட்டறைக்கு ஹெட்டர் வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் வேலை ஓடுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம், டர்போ இல்லாத நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

ஹெட்டர்னா என்னங்ணா? சைலன்சர் மாத்துறதும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. சைலன்சர் வண்டியின் வாலில் இருக்கிறது, ஹெட்டர் என்ஜின் ஹெட்டோடு ஒட்டி இருக்கிறது. கம்பெனி அந்த இடத்தில் வைத்துத் தருவது மேனிஃபோல்டு. வார்ப்பிரும்பிலோ தகட்டை அழுத்தியோ செய்திருப்பார்கள். வெளியேறும் வாய்களான நாலு போர்ட்டிலிருந்து வரும் புகையும் கொஞ்ச தூரத்திலேயே ஒரே அறைக்குள் வந்து முட்டிக்கொள்ளும். செலவும் இடமும் மிச்சம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (சுருக்கமாக கேட்) சீக்கிரம் சூடேறும். அந்தக் கணக்கில்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். நீளம் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் எல்லாம் கலெக்டர் என்ற ஒரே குழாயில் சேரும். சைலன்சரை மாற்றினால் முக்கியமாகச் சத்தம் மாறும். ஹெட்டரை மாற்றினால் என்ஜின் மூச்சு விடும் விதமே மாறும்.

பெரிய குழாயா போட்டா புகை ஈசியா போகும், பவர் வரும். அவ்ளோதானே?

அவ்வளவுதான் என்றால் ஆறு அங்குல பிவிசி பைப்பே போதுமே! புகை ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வருவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சாக வருகிறது. அந்த வீச்சு குழாயில் வேகமாகப் போகும்போது பின்னால் அழுத்தம் குறைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், இந்தக் குறைந்த அழுத்தம் சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துப் போட்டு, புதுக் காற்றையும் உள்ளே இழுத்து வரும். ஹெட்டர் தரும் பவர் முக்கியமாக இதிலிருந்து வருகிறது.

குழாய் பெருத்தால் வீச்சின் வேகம் குறையும், இழுவையும் போகும். குழாய் விட்டம் 1.2 லிட்டர் என்ஜினுக்குச் சுமார் 35 மி.மீ., 1.6-க்கு 38 முதல் 42 மி.மீ. வரை என்று வைத்துத்தான் நாங்கள் ஆரம்பிக்கிறோம். நீளத்துக்கும் கணக்கு உண்டு. 6,000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி வினாடிக்குள் கிராங்க் 36 டிகிரி சுற்றிவிடும். வீச்சு கிளப்பி, கலெக்டர் வரை போய்த் திரும்பும் அழுத்த அலை சரியான நேரத்துக்கு வால்வுக்கு வந்தாக வேண்டும். நீளக் குழாய் கீழ் ஆர்.பி.எம்.முக்கு ஒத்துவரும், குட்டைக் குழாய் மேலே ஒத்துவரும்.

பேக் பிரஷர் இல்லாட்டி பிக்கப் போயிரும்னு எங்க மெக்கானிக் சொல்றாரே?

அவர் பார்த்தது உண்மை, சொல்லும் காரணம்தான் சரியில்லை. பெரிய குழாய் போட்ட வண்டிகளில் கீழே இழுவை போனதைப் பார்த்திருப்பார். அது போனது மேலே சொன்ன வேகம் குறைந்ததால்தான். பேக் பிரஷர் எந்த என்ஜினுக்கும் நல்லது செய்வதில்லை. தேவைப்படுவது அளவான குழாய்.

4-1 போடலாமா, 4-2-1 போடலாமா?

4-1 என்றால் நாலு குழாயும் ஒரே இடத்தில் சேரும். 4-2-1 என்றால் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு 4-2-1. கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ரேஸ் ஓட்டப் போகிறீர்கள், என்ஜினை எப்போதும் மேல் ஆர்.பி.எம்.மிலேயே வைத்திருப்பீர்கள் என்றால் 4-1. 4-2-1 நடு ஆர்.பி.எம்.மில் பரவலாக இழுவை தரும். 4-1 உச்சியில் கொஞ்சம் கூடத் தந்து கீழே பறித்துக்கொள்ளும். காந்திபுரம் சிக்னலில் 6,000 ஆர்.பி.எம். யாருக்கும் கிடைப்பதில்லை.

4-2-1 வாங்கும்போது எந்தக் குழாய் எதோடு சேர்கிறது என்று விரலை வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். நாலு சிலிண்டரில் வழக்கமான ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி என்று சேர்ந்தால்தான் ஒரே குழாயில் வரும் இரண்டு வீச்சுக்கு நடுவில் 360 டிகிரி இடைவெளி கிடைக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழாயைச் சேர்ப்பது வளைக்கச் சுலபம் என்று 1-2, 3-4 எனச் சேர்த்து விற்கிறார்கள். அதில் இடைவெளி ஒரு பக்கம் 180, மறுபக்கம் 540. பார்க்க அழகாகப் பளபளவென்று இருக்கும். ஆனால் காசு கொடுத்தது எதற்கோ அது கிடைக்காது.

மூன்று சிலிண்டர் வண்டியில் இந்தக் குழப்பமே இல்லை. வீச்சுகள் 240 டிகிரி தள்ளித்தான் வரும், 3-1 போதும்.

எத்தனை எச்.பி. கூடும்? ஒருத்தன் 15னு போட்டிருக்கானே.

சாதாரண 1.2 என்ஜினில் 15 குதிரை ஹெட்டரால் மட்டும் வராது. ஹெட்டர் சரியாக அமைந்து, அதற்கு ஏற்றபடி ரீமேப்பும் (என்ஜின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் பெட்ரோல் கணக்கைத் திருத்துவது) செய்தால், இருக்கும் பவரில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்று எதிர்பாருங்கள். 85 குதிரை வண்டியில் அது மூன்று, நாலு குதிரை. கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன் எல்லாம் மாற்றிய என்ஜினில் பலன் கூடும். ஏனென்றால் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அங்கே அதிகம்.

பவரை அளக்கும் டைனோ மெஷினின் பேப்பரைக் காட்டி யாராவது விற்றால், முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே கியரில் ஓட்டினார்களா என்று கேளுங்கள். முன்னால் எடுத்த அளவு சக்கரத்தில் வந்த பவர், பின்னால் எடுத்தது என்ஜின் பவர் கணக்குக்கு மாற்றியது என்றால் அந்தப் பேப்பரில் வடை மடிக்கலாம்.

என் வண்டிக்கு ஹெட்டர் போட முடியுமா?

பானெட்டைத் திறந்து, ஹீட் ஷீல்டை எடுத்துவிட்டு, கேட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேனிஃபோல்டுக்குக் கீழேயே குடம் மாதிரி உருண்டையாக ஒட்டிக்கொண்டு இருந்தால், மேனிஃபோல்டும் கேட்டும் ஒரே உருப்படி. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். மேனிஃபோல்டைக் கழற்றினால் கேட்டும் கூடவே வந்துவிடும். எஸ்டீம், பழைய பலேனோ, பழைய சிட்டி விடெக் காலத்து வண்டிகளை இத்தனை பேர் இன்னும் தேடி வாங்குவதற்கு ஒரு காரணம், அவற்றில் கை வைக்க இடம் இருக்கிறது.

சில என்ஜின்களில் மேனிஃபோல்டு என்று தனியாக எதுவுமே கிடையாது. ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் வந்த 1.0 ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ இரண்டிலும் அது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. சிவிக்கில் வந்த ஹோண்டா 1.8-ம் அப்படியே. வெளியே ஒரே ஓட்டைதான் தெரியும். "டிஎஸ்ஐக்கு ஹெட்டர்" என்று யாராவது விலை சொன்னால், அவர் டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பைத்தான் சொல்கிறார் அல்லது அந்த என்ஜினைத் திறந்தே பார்க்கவில்லை.

கேட் போனா என்ன? லைட் எரிஞ்சா அணைக்க ஸ்பேசர் இருக்குதாமே?

கேட்டுக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் ஓ.பி.டி. முறையின் இரண்டாம் கட்டம் இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்ததிலிருந்து, கேட் வேலை செய்கிறதா என்று பின்னாலிருக்கும் சென்சாரை வைத்து இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) கண்காணிக்கிறது. கேட் இல்லையென்றால் பி0420 என்ற கோளாறு எண் பதிவாகி செக் என்ஜின் லைட் எரியும். ஸ்பேசர் என்பது சென்சாரைப் புகையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும் துண்டு. அது அந்தச் சென்சாரை ஏமாற்றும். வாலில் வரும் புகையை ஏமாற்றாது. புகை டெஸ்ட்டில் பிஎஸ்-4 முதல் 2,500 ஆர்.பி.எம்.மிலும் கார்பன் மோனாக்சைடு பார்க்கிறார்கள், அளவு 0.2 சதவீதம்.

கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால், கலெக்டருக்குப் பின்னால் நல்ல மெட்டல் கேட் ஒன்றைச் சேர்த்து அடிக்கலாம். கம்பெனி கேட்டில் சதுர அங்குலத்துக்கு 400, 600 துளை, இதில் 200. புகை லேசாகப் போகும், சுத்திகரிப்பு கொஞ்சம் குறையும். ஆனால் என்ஜினிலிருந்து தள்ளிப் போவதால் சூடாக நேரம் எடுக்கும். காலையில் முதல் சில நிமிடங்கள் கேட் இருந்தும் இல்லாத கணக்குதான்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சனை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. சத்தம், புகை அளவு மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

நடைமுறையில் ரோட்டில் நிறுத்துவது சத்தத்துக்காகத்தான். பானெட்டைத் திறந்து ஹெட்டரை யாரும் தேடுவதில்லை. அதனால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் நான் வேலையே எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், என்ஜின் பக்கம் தீப்பிடித்த கிளைமில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

எஸ்.எஸ். 304தான் பெஸ்ட்டா?

துருப்பிடிக்காது, பளபளப்பு நிற்கும், சூட்டில் பொன்னிறமும் நீலமுமாக நிறம் மாறுவது பார்க்க அழகு. ஆனால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி ஏறினால் 5 மி.மீ.க்கு மேல் நீளும், சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாய் நாலு மி.மீ. அளவில் நிற்கும். அந்த நீளத்துக்கு வளைவுகளில் இடம் கொடுக்காமல் விறைப்பாக அடித்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். 409 என்ற எஸ்.எஸ். வகை விலை குறைவு, நீள்வதும் குறைவு. மேலாகச் செம்பழுப்பு பிடிக்கும், அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் 409 வகையை அதிகம் எடுப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை.

எதுவானாலும் குழாய் தடிமன் 1.5 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். என்ஜின் ஹெட்டில் முடுக்கும் தகடான ஃபிளான்ஜ் 10 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. ஃபிளான்ஜ் வெல்டிங் சூட்டிலேயே வாழைப்பழமாக வளைந்துவிடும்.

ரெடிமேட் வாங்குறதா, அடிச்சு வாங்குறதா?

உங்கள் என்ஜினுக்கே, வலது பக்க ஸ்டீயரிங் வண்டிக்கே செய்த ரெடிமேட் கிடைத்தால் அதை வாங்குங்கள். இடது ஸ்டீயரிங் நாடுகளுக்குச் செய்தது இங்கே ஸ்டீயரிங் ராடில் போய் முட்டும். கிடைக்காவிட்டால் அடிக்கலாம். எங்கள் ஊரில் ரேஸ் வண்டிக்கு அடித்துப் பழகிய கைகள் இருக்கின்றன.

யாரிடம் வாங்கினாலும் மூன்று இடத்தைப் பாருங்கள். ஃபிளான்ஜ் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள், 0.1 மி.மீ. தாண்டி நுழைந்தால் லேத்தில் மட்டப்படுத்திய பிறகு எடுங்கள். வளைவின் உள்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தால் அது மேண்ட்ரல் பெண்ட் (உள்ளே அச்சு விட்டு வளைத்தது) இல்லை, அங்கே குழாய் குறுகியிருக்கும். மூன்றாவது, போர்ட் வழியாக டார்ச் அடித்து உள்வெல்டிங்கைப் பாருங்கள். கறுத்துப் போய், கருகிய சர்க்கரை மாதிரி பொருபொருவென்று இருந்தால், ஆர்கான் வெல்டிங் செய்தவர் குழாய்க்கு உள்ளே ஆர்கான் விடவில்லை. வெளியே எவ்வளவு அழகாகப் பூ விழுந்திருந்தாலும் அது வேண்டாம்.

அடிக்கக் கொடுத்தால், வண்டியில் வைத்து அங்கங்கே சின்ன வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து, கழற்றிய பிறகு முழு வெல்டிங் போடச் சொல்லுங்கள். அப்போது ஃபிளான்ஜ் ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டிலோ தடித்த பிளேட்டிலோ முடுக்கியபடி இருக்க வேண்டும். வண்டியில் பொட்டு வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவது உங்கள் பொறுப்பு, நினைவுபடுத்துங்கள்.

வீட்லயே மாட்டிக்கலாமா?

ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இருந்தால் முடியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது, நட்டை முதலில் இம்மியளவு முடுக்கி, பிறகு கழற்றுங்கள். சரக்கென்று துரு உடையும் சத்தம் கேட்கும். ரப்பர் மாதிரி வழுவழுவென்று திரும்பினால் நிறுத்துங்கள், நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அலுமினிய ஹெட்டில் ஸ்டட் உடைந்தால் வேலை ஒரு நாளிலிருந்து ஒரு வாரமாகும். உடைந்த ஸ்டட் மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்து எடுப்பது வழக்கம். டிரில் போடுவது கடைசி வழி.

ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் வைத்து, எல்லா நட்டையும் கையால் போட்ட பிறகு, நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் முடுக்குங்கள். எம்8 ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையில் மறுபடி சரிபாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரேக் கிளீனர் தெளித்துக் குழாயைத் துடையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைரேகை அதில் நிரந்தரமாகச் சுட்டு நிற்கும்.

ஒயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், ஆயில் ஃபில்ட்டர், டிரைவ்ஷாஃப்ட் ரப்பர் பூட் எல்லாவற்றுக்கும் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். ரப்பருக்கும் ஒயருக்கும் அதுகூடப் போதாது, தகடு மறைப்பு வையுங்கள்.

கேஸ்கட் பழசையே போட்டு சிலிகான் தடவலாமா?

கூடாது. சாதாரண சிலிகான் அந்தச் சூட்டில் நிற்காது, அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் புதிது போடுங்கள்.

ஆக்ஸிஜன் சென்சாரை எங்க வைக்கிறது?

நாலு குழாயும் சேர்ந்த பிறகு, கலெக்டருக்கு அடுத்து. ஒரே குழாயில் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதையை மட்டும் கேட்டு இசியூ நாலுக்கும் பெட்ரோல் ஊற்றும். சென்சார் படுத்தோ தலைகீழாகவோ இருக்கக் கூடாது. கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் சூடான சென்சாரில் பட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். ஒயர் எட்டவில்லை என்று இழுத்துக் கட்டாதீர்கள்; சரியான நீட்டிப்பு ஒயர் போடுங்கள்.

மாட்டினதுல இருந்து காலைல டிக் டிக்னு சத்தம், சூடானா போயிருது. விட்டுடலாமா?

விடாதீர்கள், அது லீக். சூட்டில் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. ஃபிளான்ஜ் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். இரண்டு வீச்சுக்கு நடுவில் அழுத்தம் குறையும்போது அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று இசியூவிடம் சொல்லும். அது கூட ஊற்றும். "ஹெட்டர் போட்டதும் பெட்ரோல் குடிக்குது" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்தக் கரிக்கோட்டைத்தான்.

இதைவிடப் பெரிய காரணம், என்ஜின் அறையில் கசியும் புகை ஏசி காற்றோடு கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஹீட் டேப் சுத்தலாமா?

எம்.எஸ். குழாயில் வேண்டாம். மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். ரேஸ் வண்டியில் சுற்றுவார்கள், குழாய் சீக்கிரம் போவதைத் தெரிந்தேதான். ரோட்டு வண்டிக்கு செராமிக் கோட்டிங் அல்லது கம்பெனி ஹீட் ஷீல்டைப் பொருந்த வெட்டி மாட்டுவது போதும். டேப் சுற்றியே தீருவேன் என்றால், முதல் நாள் புகை வரும், பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

ரீமேப் பண்ணியே ஆகணுமா?

மெதுவாக ஓட்டும்போது சென்சாரைப் பார்த்து இசியூ தானே திருத்திக்கொள்ளும். முழு ஆக்ஸிலரேட்டரில் பெரும்பாலான வண்டிகள் சென்சாரைக் கேட்காமல், எழுதி வைத்த கணக்குப்படி பெட்ரோல் விடும். காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், கூடுதல் காற்று அதில் தெரிந்துவிடும். இன்டேக் அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் (MAP) சென்சார் உள்ள வண்டியில் தெரியாது. ஹெட்டர் நன்றாக வேலை செய்யச் செய்ய மேலே பெட்ரோல் பற்றாக்குறை வரும், சூடு ஏறும். அங்கே ரீமேப் தவிர்க்க முடியாதது.

மைலேஜ் கூடுமா?

ஹெட்டரை நம்பி மைலேஜ் கணக்குப் போடாதீர்கள். போட்ட முதல் மாதம் சத்தம் கேட்க எல்லோரும் மிதிப்பார்கள், குறையும்.

டீசல், டர்போ, சிஎன்ஜிக்கு?

டீசலுக்குத் தேவையில்லை. டர்போ பெட்ரோலில் மேனிஃபோல்டு டர்போவின் எடையையும் சுமக்க வேண்டும். மெல்லிய குழாய் ஹெட்டர் அந்தச் சூட்டில் விரிசல் விடும். அந்தக் காசைத் தடித்த மேனிஃபோல்டில் போடுங்கள் அல்லது போடாமல் விடுங்கள். சிஎன்ஜியில் ஓட்டுவது மிச்சம் பிடிக்கத்தான், அங்கே ஹெட்டருக்கு வேலையில்லை.

ஒரே இடத்துல விரிசல் விடுது. வெல்டிங் வெச்சாலும் மறுபடி அங்கயே. எஸ்.எஸ். மோசமா?

உலோகத்தைத் திட்டுவதற்கு முன், பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரைக் கிளட்ச்சை லேசாக விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லி, என்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நேர் எதிரே நிற்க வேண்டாம். குறுக்கே உட்காரும் என்ஜின் முன்னும் பின்னும் சாயும். மவுண்ட் ரப்பர் செத்திருந்தால் இன்னும் அதிகம். அந்த ஆட்டத்தை விழுங்கத்தான் கீழே வலைப்பின்னல் போட்ட ஃபிளெக்ஸி குழாய் இருக்கிறது. ஹெட்டர் அடிக்கும்போது அதை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தால், ஆட்டம் முழுவதும் ஏறி வந்து ஃபிளான்ஜுக்கு அடுத்த வெல்டிங்கில்தான் உடையும். கம்பெனி மேனிஃபோல்டை என்ஜின் பிளாக்கோடு பிடித்திருந்த பிராக்கெட்டையும் பெரும்பாலும் மறந்திருப்பார்கள்.

ஃபிளெக்ஸி, பிராக்கெட், மவுண்ட் மூன்றையும் சரிசெய்த பிறகு விரிசலை முனை வரை தேய்த்து எடுத்து, உள்ளே ஆர்கான் விட்டு வெல்டிங் வையுங்கள். மேலோடு பூசினால் மறுபடி வரும்.

பழைய மேனிஃபோல்டை காயலான் கடைல போட்டுரலாமா?

போடாதீர்கள். அதிலிருக்கும் கேட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு சிரிப்பார். புகை டெஸ்ட், எஃப்சி, வண்டி விற்பது எல்லாவற்றுக்கும் அது மறுபடி வேண்டியிருக்கும். பழைய வண்டிக்கு ஹெட்டர் போட நினைக்கிறவர்கள் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் இன்னொரு மேனிஃபோல்டு கிடைத்தால் அதை வாங்கி ஃபிளான்ஜ் அளவு எடுக்கக் கொண்டுவாருங்கள். வண்டியைப் பட்டறையில் நாள்கணக்கில் நிறுத்த வேண்டியிருக்காது. உங்கள் மேனிஃபோல்டை அதன் ஷீல்டு, பிராக்கெட், நட்டுகளோடு ஒரே சாக்கில் கட்டி, வண்டி நம்பரை எழுதிப் பரணில் போடுங்கள்.